காதில் ஐந்து ஊசி: புகையை நிறுத்த வந்த அக்குபங்சரின் கதை

கல்வராயன் மலையிலிருந்து ஒரு நேயர் கேட்ட கேள்விதான் இன்னைக்கு எபிசோட். அவரோட அப்பா பல வருஷமா பீடி பிடிக்கிறார். பத்து சிட்டிங் அக்குபங்சர் எடுத்தா விட்டுடலாம்னு யாரோ சொல்லியிருக்காங்க. அதுக்கு வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியா கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் இறங்கி வரணும். பத்து தடவை வந்தா பத்து நாள் கூலி போச்சு. போகலாமா வேண்டாமா?

பதில் சொல்றதுக்கு முன்னாடி, இந்த ஊசிக்கும் புகைக்கும் எப்படி சம்பந்தம் வந்துச்சுன்னு பார்த்துடலாம். அக்குபங்சர் ரொம்பப் பழசு, ஆனா போதைக்கு அக்குபங்சர்ங்கிறது வெறும் அரை நூற்றாண்டு விஷயம்.

ஹாங்காங், 1972

நிக்சன் சீனாவுக்குப் போன வருஷம் அது. மயக்க மருந்துக்குப் பதிலா ஊசி வைத்தே ஆபரேஷன் பண்றாங்களாம்னு பேச்சு பரவியிருந்தது. ஹாங்காங்கின் குவாங் வா மருத்துவமனையில் எச்.எல். வென் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் அதைச் சோதித்துப் பார்த்தார். கையிலும் காதிலும் ஊசி வைத்து, லேசாக மின்சாரம் செலுத்துவது அவரோட முறை. ஒரு நோயாளி அபினுக்கு அடிமையானவர். ஊசி வைத்த கொஞ்ச நேரத்தில் அவர் சொன்னது வலியைப் பற்றி இல்லை. அபின் கிடைக்காததால் வந்த உடல் தவிப்பு அடங்கிடுச்சுன்னு சொன்னார்.

வென் எதிர்பார்த்தது வலி நிவாரணம், கிடைத்தது வேற ஒண்ணு. அபின், ஹெராயின் பழக்கம் இருந்த 40 பேருக்கு இதைச் செய்து பார்த்து 1973-ல் கட்டுரை வெளியிட்டார். ஒரு விஷயம் குறிச்சுக்கோங்க: ஊசி போடாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு இல்லை அது.

நியூயார்க், சவுத் பிராங்க்ஸ்

1970-களில் அங்கே ஹெராயின் ஒரு தலைமுறையையே தின்னுட்டிருந்தது. யங் லார்ட்ஸ், பிளாக் பாந்தர்ஸ் இயக்கத்தினரும் அந்தப் பகுதி மக்களும் 1970 நவம்பரில் லிங்கன் மருத்துவமனைக்குள் புகுந்து, தாங்களே ஒரு போதை மீட்பு மையத்தைத் தொடங்கினாங்க. அப்போ கிடைத்த சிகிச்சை மெத்தடோன். 'ஒரு போதையை எடுத்துட்டு இன்னொண்ணைக் கொடுக்கிறீங்க'ன்னு அவங்களுக்குக் கோபம். ஹாங்காங் செய்தி வந்ததும் ஊசியைக் கையில் எடுத்தாங்க. அதில் முக்கியமானவர் முட்டுலு ஷகூர். ராப் பாடகர் டூபாக்கோட வளர்ப்புத் தந்தை!

1978-ல் நகர நிர்வாகம் போலீஸோடு வந்து அவங்களை வெளியேற்றியது. அக்குபங்சர் மட்டும் டாக்டர் மைக்கேல் ஸ்மித் தலைமையில் தொடர்ந்தது. மின்சாரத்தைக் கைவிட்டாங்க. காதில் ஐந்து புள்ளிகள், ஐந்து மெல்லிய ஊசிகள், அவ்வளவுதான். பலர் ஒரே அறையில் நாற்காலி போட்டு அமைதியா உட்கார்ந்திருப்பாங்க. யாரும் யாரையும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டாங்க. 1985-ல் இந்த முறையைப் பரப்ப 'நாடா' என்ற அமைப்பு உருவாச்சு.

அதே யோசனை சிகரெட்டுக்கும் தாவியது. இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். வெனுக்குப் பிறகு, ஊசி தூண்டினா உடம்பு தன் சொந்த அபினை, அதாவது எண்டார்பினைச் சுரக்குதுன்னு விளக்கம் வந்தது. அபினுக்கு அது பொருந்தலாம். நிகோடின் மூளையில் ஒட்டுற இடமே வேற. ஒரு சிஸ்டத்துக்கு எழுதின பேட்ச்சை வேற ஆர்க்கிடெக்சரில் போட்ட மாதிரி. ஓடலாம், ஆனா டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்ணக் கூடாது.

இந்தியாவுக்கு வந்த வழி

1938-ல் ஜப்பானோடு போரிட்ட சீனாவுக்கு காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அதில் கோட்னிஸை நமக்குத் தெரியும், 1942-ல் அங்கேயே இறந்துட்டார். உயிரோடு திரும்பிய பி.கே. பாசு, 1950-களின் கடைசியில் மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்று, கல்கத்தாவில் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996-ல் இதற்குத் தனிச் சட்டமே போட்டது. 2019-ல் மத்திய அரசும் அக்குபங்சரைத் தனி சிகிச்சை முறையாக ஏற்றது. நம்ம தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொடுகிற முறை பெரிதாகப் பரவியிருக்கு. அதாவது வென் வைத்த மின்சாரம் நியூயார்க்கில் போச்சு, நியூயார்க் வைத்த ஊசி இங்கே போச்சு. பெயர் மட்டும் ஒண்ணுதான்.

போலி ஊசிச் சோதனை

இதை எப்படி டெஸ்ட் பண்றது? ஒரு குழுவுக்குச் சரியான புள்ளியில் ஊசி. இன்னொரு குழுவுக்கு சம்பந்தமில்லாத இடத்தில் ஊசி, இல்லைன்னா தோலுக்குள் இறங்காத போலி ஊசி. எது யாருக்குன்னு நோயாளிக்குத் தெரியாது. காக்ரேன் அமைப்பு 2014-ல் இப்படிப்பட்ட ஆய்வுகள் உட்பட 38 ஆய்வுகளைத் தொகுத்தது. முதல் சில வாரங்களில் கொஞ்சம் பலன் தெரியலாம். ஆறு மாசம் கழித்துப் பார்த்தா, போலி ஊசியைவிட உண்மையான ஊசி மேல்னு நம்ப உறுதியான ஆதாரம் இல்லை. நிகோடின் சூயிங்கம், பேட்ச் போன்றவற்றோடு ஒப்பிட்டா ஊசி பின்தங்கியது.

அப்போ குணமானேன்னு சொல்றவங்க பொய் சொல்றாங்களா? இல்லை. புகையை நிறுத்தின முதல் வாரம்தான் மோசமானது. அந்த நேரத்தில் தினமும் ஒரு இடத்துக்குப் போய், அமைதியா உட்கார்ந்து, அக்கறையா விசாரிக்கிற ஒருத்தரைப் பார்த்தா அது தாங்க வைக்கும். பிராங்க்ஸில் வேலை செய்ததில் பெரும்பங்கு அந்த அறையா இருக்கலாம்னு நான் நினைக்கிறேன்.

மலையில் இருப்பவருக்கு

கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த இடம். சாலையும் ஆஸ்பத்திரியும் தாமதமாகத்தான் ஏறின. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகுதான், உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலை மக்களின் நிலைமையை விசாரிக்க எடுத்தது. சாராயம் ஒரே ராத்திரியில் கொல்லும், அதனால் செய்தி ஆகும். பீடி இருபது, முப்பது வருஷம் எடுத்துக்கும், அதனால் ஆகாது. 2016-17 தேசிய கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை எடுக்கிறார்.

அதனால் என் பதில் இது. ஊசி போடுபவர் பயிற்சி பெற்றவர், ஊசி புதுசு, வேறு மருந்தை நிறுத்தச் சொல்லலை என்றால் கெடுதல் பெரிதா இல்லை. ஆனா பத்து நாள் கூலியை முதலில் அதில் போடாதீங்க. 1800 11 2356 என்ற இலவச எண்ணுக்கு, டவர் கிடைக்கிற இடத்தில் நின்னு ஒரு போன் போடச் சொல்லுங்க. தமிழிலும் பேசுவாங்க, திரும்பக் கூப்பிட்டும் விசாரிப்பாங்க. நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். அதற்கும் மேல வேணும்னா கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு நாள் இறங்கி வாங்க.

ஆசை எழும் ஒவ்வொரு தடவையும் அது சில நிமிஷம்தான். அந்தச் சில நிமிஷத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறது பெரிய விஷயம். அந்த ஆள் வீட்டிலேயே இருந்தா பஸ் செலவும் மிச்சம்.