ஒரு மாத்திரை வந்த வழி

பச்சைமலை அடிவாரம் போன்ற புதர்க்காடுகளில் பூனைக்காலிக் கொடி படர்ந்து கிடக்கும். காயின் மேலுள்ள சுணை பட்டால் அரிப்பு தாங்க முடியாது என்பதால் ஆடு மேய்ப்பவர்கள் ஒதுங்கித்தான் போவார்கள். உள்ளே இருக்கும் விதையைப் பாலில் வேகவைத்துச் சுத்தி செய்து, நரம்புக்கும் உடல் வலுவுக்கும் சித்த மருத்துவர்கள் தந்துவந்தார்கள். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரனும் ஆர். இராமசாமியும் அந்த விதையிலிருந்து ஒரு பொருளைத் தனியே பிரித்தெடுத்தார்கள். இங்கிலாந்தின் ‘பயோகெமிக்கல் ஜர்னல்’ அதை வெளியிட்டது. அந்தப் பொருள்தான் லெவோடோபா. இன்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் பார்க்கின்சன் நோயாளிகளுக்குச் சீட்டில் எழுதித் தரும் சின்டோபா போன்ற மாத்திரைகளின் உயிர் அதுவே.

சென்னைக்கு முன்பே சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அதன் கதை தொடங்கிவிட்டது. 1913இல் ரோஷ் நிறுவனத்தின் வேதியியலாளர் மார்கஸ் குக்கன்ஹைம் ஐரோப்பிய அவரை ஒன்றிலிருந்து அதைப் பிரித்தார். இரண்டரை கிராம் எடுத்துத் தானே விழுங்கிப் பார்த்தார், கடும் வாந்தி. இந்த மருந்தின் முதல் பக்கவிளைவைத் தாங்கியது அவருடைய உடம்புதான். அதற்குப் பிறகு நாற்பதாண்டுகளுக்கு மேல், எந்த நோய்க்கு இது உதவும் என்று யாருக்கும் தெரியவில்லை. சென்னைச் சேப்பாக்கத்தில் பிரித்தவர்களுக்கும் தெரிந்திருக்க வழியில்லை. மூளையில் டோபமின் என்று ஒன்று தனியாக வேலை செய்கிறது என்பதே அப்போது உலகம் அறியாத செய்தி.

அதை அறியவைத்ததும் நம் மண்ணின் இன்னொரு செடிதான். சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரெசர்பினை ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசையாமல் கிடந்தன. பிறகு, மூளையில் டோபமினாக மாறும் டோபாவை ஊசியாகப் போட்டதும் எழுந்து ஓடின. இது 1957. மூன்றாண்டு கழித்து, பார்க்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையில் டோபமின் வற்றியிருப்பதை வியன்னாவில் ஏரிங்கரும் ஹார்னிகீவிட்ஸும் கண்டார்கள். 1961இல் அதே நகரில் எழ முடியாமல் கிடந்த நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போடப்பட்டது. படுத்தவர்கள் எழுந்து நடந்தார்கள். கார்ல்சனுக்கு 2000இல் மருத்துவ நோபல் கிடைத்தது. இதே மருந்தைத் தொழிற்சாலையில் தயாரிக்க வழிகண்ட வில்லியம் நோல்ஸுக்கு அடுத்த ஆண்டே வேதியியல் நோபல்.

அரியலூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். 1817இல் இந்த நோயை முதலில் விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், புதைபடிவங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். அவற்றைப் பற்றி மூன்று பெரிய தொகுதிகள் எழுதினார். அம்மோனைட் என்ற பழைய கடல் உயிரினத்தில் ஒரு வகைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அம்மோனைட்டுகள் சுண்ணாம்புக்கல்லோடு வெட்டுப்பட்டு வெளிவரும் அரியலூர் அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

மாத்திரையாக லெவோடோபா நிலைபெற்றது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில். ஜார்ஜ் கோட்சியாஸ் 1967இல் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழியே பெருமளவு கொடுக்கலாம் என்று காட்டினார். இரண்டாண்டு தாண்டவில்லை, தானாக வரும் அசைவுகளையும் அவரே பதிவுசெய்துவிட்டார். கை முறுக்கிக்கொள்ளும், கழுத்து ஆடும், உடம்பு நெளியும். அவருடைய நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்கு அது வந்தது. டிஸ்கைனீசியா என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த ஆட்டம் அந்த மருந்தின் வெற்றியோடு கூடப் பிறந்தது. 1970களில் கார்பிடோபாவைச் சேர்த்தார்கள். மூளையைச் சேருமுன் மருந்து வீணாவது குறைந்தது, வாந்தியும் குறைந்தது. ஆட்டம் மட்டும் நின்றபாடில்லை. நாலைந்து ஆண்டு மாத்திரை சாப்பிட்டவர்களில் பத்தில் நான்கு பேருக்கு அது வரும் என்பது பின்னாளில் பல ஆய்வுகளைத் திரட்டிக் கண்ட கணக்கு.

ஏன் வருகிறது? கங்கைகொண்ட சோழபுரத்துப் பொன்னேரியை நினைத்துக்கொள்ளுங்கள். எப்போதோ பெய்த மழையை ஏரி பிடித்து வைத்து, மதகு வழியே சீராக வயலுக்கு விடும். தூர்ந்துபோனால், பெய்யும்போது வெள்ளம், ஓய்ந்ததும் வறட்சி. நோயின் தொடக்கத்தில் மிச்சமிருக்கும் நரம்பணுக்கள் டோபமினைச் சேமித்துச் சீராக விடுகின்றன. ஒரு நாளைக்கு மூன்று வேளை மாத்திரை போதும். ஆண்டுகள் போகப் போக அந்த அணுக்கள் அழிந்துவிடும். லெவோடோபாவோ இரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடுகிற மருந்து. மாத்திரை உச்சத்தில் இருக்கும்போது உடம்பு ஆடும், இறங்கியதும் கட்டையாகிவிடும். விடியற்காலையில் கால்விரல் மடங்கி இழுத்துப் பிடிப்பது, இரவு முழுக்க மருந்து இல்லாததால் வருவது.

இந்தக் கடைசிக் கட்டத்தில்தான், சேப்பாக்கமும் வியன்னாவும் நியூயார்க்கும் கடந்து வந்த மருந்து, வீட்டுத் திண்ணையில் தடுமாறுகிறது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022இல்தான். நரம்பியல் மருத்துவரைப் பார்க்கத் திருச்சிக்குப் பேருந்து ஏறுவது பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு நெடுநாள் பழக்கம். மருத்துவர் முன் உட்காரும் ஐந்து நிமிடத்தில் ஆட்டம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். “அப்பாவுக்கு நடுக்கம் அதிகமாயிடுச்சுங்க” என்று மகன் சொல்வார். அது நடுக்கம்தானா, மருந்தின் ஆட்டமா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நோயின் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது ஒரே தாளத்தில் வரும். மருந்தின் ஆட்டம் நெளிந்து நெளிந்து, தாளமில்லாமல், பேசினாலும் பதறினாலும் கூடும். முன்னதற்கு மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கலாம். பின்னதற்குக் கூட்டினால் ஆட்டம் இன்னும் ஏறும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது வேறொன்று. ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அப்படித் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, கடும் காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னும் சிலர், ‘பின்னால் ஆட்டம் வரும்’ என்று கேள்விப்பட்டு மாத்திரையைத் தொடங்குவதையே தள்ளிப்போடுகிறார்கள். இதற்கு விடை ஆப்பிரிக்காவின் கானாவிலிருந்து கிடைத்தது. மருந்து எளிதில் கிடைக்காததால் அங்கே நோயாளிகள் தாமதமாகவே அதைத் தொடங்கினார்கள். இத்தாலிய நோயாளிகளோடு ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வு, நோய் தொடங்கி ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இரு நாட்டவருக்கும் ஆட்டம் வந்ததைக் காட்டியது. தள்ளிப்போட்டவர்களுக்கு மிஞ்சியது, நடமாடியிருக்க வேண்டிய ஆண்டுகளின் இழப்புதான். நோயின் வயதும் மருந்தின் அளவும்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன. எத்தனை ஆண்டு மருந்து சாப்பிட்டோம் என்பது அல்ல.

பூனைக்காலி இப்போது வேறு வழியில் திரும்பி வருகிறது. நாட்டு மருந்துக் கடையில் அதன் விதைப்பொடி கிடைக்கும். மூலிகைதானே என்று மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுகிறவர், தமக்குத் தெரியாமலே லெவோடோபாவின் அளவைக் கூட்டிக்கொள்கிறார். விதைப்பொடியை நோயாளிகளுக்குக் கொடுத்து முறையாகச் சோதித்த ஆய்வுகள் இந்தியாவிலும் லண்டனிலும் நடந்திருக்கின்றன. அதற்குப் பலன் உண்டு. ஆனால் எவ்வளவு போகிறது என்று அளக்காமல் எடுப்பது ஆபத்து. மருத்துவரிடம் மறைக்கவும் கூடாது.

சாப்பாட்டு நேரமும் கணக்கில் வரும். பருப்பு, முட்டை, பால் இவற்றின் புரதம் குடலிலும் மூளை வாசலிலும் லெவோடோபாவோடு போட்டிபோடும். அதனால் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்பு போடுவது நல்லது. மெதுவாகக் கரையும் வகையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது.

திருச்சிக்குக் கிளம்புமுன் வீட்டார் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தாளில் குறித்து வைக்கலாம்: மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், நடக்க முடிந்த நேரம், ஆடிய நேரம், கட்டையாகிப் போன நேரம். ஆடும்போது செல்போனில் ஒரு நிமிடம் படம் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. அது கையில் இருந்தால், பெரிய அளவை உடைத்து அடிக்கடி சிறிதாகத் தரலாமா, முதலில் ஃபுளூ காய்ச்சலுக்காக வந்து இன்று ஆட்டத்தைத் தணிக்க உதவும் அமாண்டடினைச் சேர்க்கலாமா, மூளையில் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சைக்கு அனுப்பலாமா என்பதை மருத்துவர் அந்த ஐந்து நிமிடத்திலேயே யோசிக்க முடியும்.