விளையாட்டு மகிழுந்துப் பராமரிப்பு

விளையாட்டு மகிழுந்துப் பராமரிப்பு என்பது ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் உயர் செயல்திறன் கொண்ட கார்களுக்குக் காலமுறைப்படி செய்யப்படும் சோதனை, பாகமாற்றம், பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் குறிக்கும். இப்பணியை இரு வகை இடங்களில் செய்விக்கலாம். ஒன்று, உற்பத்தி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற முகவரின் சேவை மையம். மற்றொன்று, எந்த நிறுவனத்தையும் சாராத தனிப் பட்டறை. மெக்கானிக்கின் திறமையும் கூலியும் இத்தேர்வில் முதலில் கண்ணுக்குப் படுபவை. ஆயினும் உதிரிப்பாகம், பழுதாய்வு மென்பொருள், தொழில்நுட்பக் கையேடு ஆகிய மூன்றும் யார் கையில் உள்ளன என்பதே பெரும்பாலும் இதைத் தீர்மானிக்கிறது. இந்தியாவில் இச்சிக்கல் 2011 இல் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் வந்தது. அதன் ஒரு கிளை சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது.

பிற கார்களிலிருந்து வேறுபாடு

சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சினுக்கு 3 முதல் 4 லிட்டர் ஆயில் போதுமானது. போர்சே 911 போன்ற கார்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு தேவைப்படும். பல விளையாட்டு மகிழுந்துகளில் ஆயில் எஞ்சினின் அடித்தொட்டியில் தேங்குவதில்லை. அது தனித் தொட்டி ஒன்றில் சேமிக்கப்பட்டு, பம்பு வழியாகச் சுழற்றப்படுகிறது. வளைவுகளில் கார் வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி எஞ்சின் வறண்டுவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. டிரை சம்ப் எனப்படும் இவ்வமைப்பு கொண்ட பெரும்பாலான கார்களில் எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். இதை அறியாதவர் குளிர்ந்த எஞ்சினில் அளவைப் பார்த்து, ஆயில் குறைவு என எண்ணி மேலும் ஊற்றிவிட நேரிடும்.

சக்கரங்களும் அவ்வாறே. சாதாரணக் காரின் சக்கர நட்டுகள் 100 நியூட்டன் மீட்டரைச் சற்றே தாண்டிய முறுக்குவிசையில் இறுக்கப்படுகின்றன. போர்சே 911 ஜிடி3 போன்ற கார்களில் ஒவ்வொரு சக்கரத்தையும் நடுவிலுள்ள ஒரே பெரிய நட்டு தாங்குகிறது. அதன் முறுக்குவிசை சுமார் 600 நியூட்டன் மீட்டர் ஆகும். அதற்கேற்ற கருவி இல்லாத பட்டறையில் டயர் மாற்றுவதே இடர்மிக்க வேலையாகிவிடும்.

எஞ்சின் இருக்குமிடமும் செலவைக் கூட்டுகிறது. 1990களில் தயாரான ஃபெராரி எஃப்355 காரின் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் அமைந்துள்ளது. அதன் டைமிங் பெல்ட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முறையாக அதைச் செய்ய எஞ்சின் முழுவதையும் கீழே இறக்க வேண்டும். பெல்ட்டின் விலை இங்கு ஒரு பொருட்டே அன்று; உழைப்பு நேரமே செலவாகிறது.

அங்கீகாரம் பெற்ற சேவை மையம்

முகவரின் சேவை மையத்திற்கு நிறுவனத்திடமிருந்து பயிற்சி, சிறப்புக் கருவிகள், அசல் பாகங்கள், மென்பொருள் புதுப்பிப்புகள் ஆகியன நேரடியாகக் கிடைக்கின்றன. குறிப்பிட்ட மாதிரியில் உற்பத்திக் குறை கண்டறியப்பட்டால், திரும்ப அழைத்துச் சரிசெய்யும் பணி இங்கேயே கட்டணமின்றி நடைபெறும். மறுவிற்பனையின்போது முகவரின் முத்திரையுடன் கூடிய பராமரிப்புப் பதிவேடு விலையை உயர்த்துகிறது. காப்பீட்டு நிறுவனங்களின் பணமில்லாப் பழுதுபார்ப்பு வசதியும் பொதுவாக அவற்றின் பட்டியலிலுள்ள மையங்களில் எளிதில் கிடைக்கும்.

ஃபெராரி எஸ்எஃப்90, 296 ஜிடிபி போன்ற கலப்பின விளையாட்டு மகிழுந்துகளில் உயர் மின்னழுத்த மின்கலங்கள் உள்ளன. இவற்றைத் தொடுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். தவறினால் உயிருக்கே ஆபத்து என்பதால், இவ்வகைக் கார்களுக்குச் சேவை மையமே பொருத்தமானது.

இதன் குறைகளும் அறியப்பட்டவையே. கூலி அதிகம். பழுதான சிறு பாகத்தைச் சீர்செய்வதைவிட, அது பொருந்தியுள்ள தொகுதி முழுவதையும் மாற்றுவதே இங்கு வழக்கமான நடைமுறை. உரிமையாளர் தம் காரில் வேலை செய்யும் மெக்கானிக்குடன் நேரில் பேசும் வாய்ப்பும் அரிது. இடையில் சேவை ஆலோசகர் ஒருவர் இருப்பார்.

தனிப் பட்டறை

தமிழ்நாட்டில் தனிப் பட்டறை மரபுக்கும் கார் பந்தயத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1953 இல் தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்திலிருந்த பழைய விமான ஓடுபாதையில் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத்தடம் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதி எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். அந்நகரின் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியது. வெளிநாட்டுப் பாகங்கள் எளிதில் கிடைக்காத அக்காலத்தில், கடைசல் எந்திரத்தில் பாகத்தைச் செய்துகொள்ளத் தெரிந்தவரே மெக்கானிக் எனப்பட்டார்.

சில வேளைகளில் தனிப் பட்டறைகளின் அறிவு நிறுவனத்தின் சேவை முறையையும் விஞ்சியுள்ளது. 1990களின் இறுதி முதல் விற்கப்பட்ட போர்சே பாக்ஸ்டர் 986, போர்சே 911 இன் 996 தலைமுறை ஆகியவற்றில் இடைநிலைத் தண்டைத் தாங்கும் பேரிங் சில கார்களில் உடைந்து எஞ்சினையே அழித்தது. சேவை மையங்களில் இதற்குக் கிடைத்த வழக்கமான விடை புது எஞ்சின் என்பதே. ஐக்கிய அமெரிக்காவிலிருந்த சிறு பட்டறைகள், எஞ்சினைப் பிரிக்காமலேயே பொருத்தக்கூடிய வலுவான மாற்று பேரிங்குகளை உருவாக்கின. கிளட்ச் மாற்றும்போதே இதையும் மாற்றிவிடும் பழக்கம் அவ்வழியே பரவியது. அக்கார்களில் ஒரு பகுதியின் உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2013 இல் உடன்பாட்டில் முடிந்தது.

தனிப் பட்டறை என்ற ஒரே பெயரில் இரு வேறு வகைகள் அடங்குகின்றன என்பதையும் கருத வேண்டும். ஓரிரு நிறுவனங்களின் கார்களை மட்டுமே பார்க்கும் சிறப்புப் பட்டறை ஒரு வகை. எல்லாக் கார்களையும் பார்க்கும் தெருமுனைப் பட்டறை மற்றொரு வகை. விளையாட்டு மகிழுந்தைப் பொறுத்தவரை முதல் வகையே சேவை மையத்திற்கு உண்மையான மாற்றாகும்.

மென்பொருள் பூட்டு

அண்மைக் காலக் கார்களில் பல பாகங்களைப் பொருத்தினால் மட்டும் போதாது. காரின் கணினிக்கு அவற்றை அறிமுகப்படுத்தவும் வேண்டும். பிஎம்டபிள்யூ கார்களில் பேட்டரியை மாற்றினால்கூட, புதிய பேட்டரியைக் கணினியில் பதிவு செய்தாக வேண்டும். இல்லையேல் பழைய பேட்டரிக்குரிய முறையிலேயே மின்னேற்றம் தொடரும். இந்த ஒரு வேலையைச் செய்யும் கருவிகள் வெளிச்சந்தையில் கிடைக்கின்றன. எல்லா வேலைகளுக்கும் அவ்வாறு கிடைப்பதில்லை. ஃபியட் கிரைஸ்லர் குழுமம் 2018 மாதிரிகள் முதல் பாதுகாப்பு நுழைவாயில் ஒன்றை அமைத்தது. அனுமதி பெறாத கருவியால் பழுதுக் குறியீட்டைப் படிக்க இயலும். ஆனால் அதை அழிக்கவோ பாகத்தைச் சோதித்துப் பார்க்கவோ இயலாது. கள்வரிடமிருந்து காரைக் காக்கும் பூட்டு பட்டறைக்காரரையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

போட்டி ஆணைய வழக்கு

கார் நிறுவனங்கள் அசல் உதிரிப்பாகங்களையும் பழுதாய்வுக் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்கு விற்பதில்லை என்று 2011 சனவரியில் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிடப்பட்டது. முதலில் ஹோண்டா, வோக்ஸ்வேகன், ஃபியட் ஆகிய மூன்று நிறுவனங்களே குற்றஞ்சாட்டப்பட்டன. பின்னர் விசாரணை 17 நிறுவனங்களுக்கு விரிவாக்கப்பட்டது.

நிறுவனங்களின் வாதம் எளிமையானது. கார் சந்தையில் போட்டி கடுமையாக உள்ளது. பிடிக்காதவர் வேறு காரை வாங்கலாம். எனவே எவருக்கும் ஆதிக்கம் இல்லை. ஆணையம் இதை ஏற்கவில்லை. ஒரு நிறுவனத்தின் காரை வாங்கியவர், மற்றொரு நிறுவனத்தின் பாகத்தை அதில் பொருத்த முடியாது. ஆகவே ஒவ்வொரு நிறுவனத்தின் உதிரிப்பாகமும் தனிச் சந்தை. அச்சந்தையில் அந்நிறுவனமே ஆதிக்கம் கொண்டது என்பது ஆணையத்தின் முடிவு. கார் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு இந்தப் பிணைப்பும் இறுகும் என்பதால், விளையாட்டு மகிழுந்து உரிமையாளருக்கு இம்முடிவு மிகவும் பொருந்துகிறது.

2014 ஆகத்து 25 அன்று 14 நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மாருதி சுசுகி, டாட்டா முதல் பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ்-பென்ஸ் வரை இதில் அடங்கின. அபராதத்தைவிட ஆணையின் ஏனைய கட்டளைகள் நீண்டகாலப் பொருளுடையவை. உதிரிப்பாகங்களும் பழுதாய்வுக் கருவிகளும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். பாகங்களின் விலை பொதுவெளியில் அறிவிக்கப்பட வேண்டும். வெளிப் பட்டறையில் பழுதுபார்த்தார் என்பதற்காகவே உத்தரவாதம் முழுவதையும் நீக்கக்கூடாது. வெளியில் நடந்த தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே அதை மறுக்கலாம். ஐக்கிய அமெரிக்காவில் 1975 இன் மாக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டமும் இதையொத்த கொள்கையைக் கொண்டதே.

இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்துள்ள ஹூண்டாய், தன்மீதான விசாரணையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியதால் அதன் வழக்கு பிரிந்து நின்றது. 2015 தொடக்கத்தில் அம்மனு தள்ளுபடியானது. அவ்வாண்டு சூலையில் அந்நிறுவனத்திற்கு 420.26 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஏனைய நிறுவனங்களும் மேல்முறையீடு செய்தன. டொயோட்டா, ஃபோர்டு, நிசான் ஆகியவற்றின் வழக்கில் 2016 திசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் குற்றத்தை உறுதிசெய்து, அபராதத்தைக் குறைத்தது.

இவ்வழக்குகளுக்கு வெளியே, 2022 திசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் நலத்துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாயிலைத் தொடங்கியது. கைப்பேசி, வீட்டுப் பயன்பாட்டுப் பொருட்கள், வேளாண் கருவிகள் ஆகியவற்றுடன் வாகனத்துறையும் அதில் இடம்பெற்றது. நிறுவனங்கள் தாமே முன்வந்து தகவல் தரும் ஏற்பாடாகவே அது அமைந்தது.

கடற்கரைப் பகுதிகளில்

மேற்கூறிய தேர்வு பெருநகரவாசிக்கே முழுமையாக உண்டு. தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையை எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. வேம்பார், தூத்துக்குடிக்கு வடகிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள மீன்பிடி ஊராகும். இங்கிருந்து போர்சே போன்றவற்றின் சேவை மையத்தை அடையச் சென்னை, கொச்சி, பெங்களூரு போன்ற நகரங்களுக்குச் செல்ல வேண்டும். சென்னை மட்டுமே 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. நின்றுபோன காரைத் தட்டைத் தள வண்டியில் ஏற்றி அனுப்பும் செலவு, பல வேளைகளில் பழுதின் செலவையே மிஞ்சிவிடும்.

இப்பகுதியில் காரின் முதல் பகை உப்பு. கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்புத் துளிகள் பிரேக் தட்டு, புகைபோக்கிப் பிணைப்பு, மின்னிணைப்பு ஆகியவற்றில் படிகின்றன. விளையாட்டு மகிழுந்துகளில் அலுமினியம், எஃகு, கார்பன் இழை ஆகியன ஒன்றையொன்று தொட்டு நிற்பதால் சிக்கல் கூடுகிறது. உப்பு நீர் இடையில் புகுந்தால் அங்கு ஒரு சிறு மின்கலமே உருவாகி, அலுமினியம் அரிக்கப்படும். கார்பன்-செராமிக் பிரேக் தட்டுகள் துருப்பிடிக்க மாட்டா. அவற்றைப் பிடித்திருக்கும் உலோகப் பகுதிகள் பாதிக்கப்படலாம். இதற்கான எளிய மருந்து, காரின் அடிப்பகுதியை நன்னீரால் அடிக்கடி கழுவுவது. கடலோரக் கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பின், அதனால் கழுவுவது உப்பின்மேல் உப்பைச் சேர்ப்பதேயாகும்.

நிறுவனத்தின் பராமரிப்பு அட்டவணை பெரும்பாலும் கிலோமீட்டரையும் ஆண்டையும் கணக்கிடுகிறது. காற்றின் உப்பைக் கணக்கிடுவதில்லை. இக்கடற்கரையில் வள்ளங்களின் எஞ்சினைப் பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு இவ்வரிப்பு அன்றாட அனுபவம். எஞ்சின் நின்றால் அன்றைய கடல் வருமானம் நின்றுவிடும் என்பதால், அவ்வேலை கரையிலேயே விரைந்து முடிக்கப்பட வேண்டியதாகிறது. அவர்களால் விளையாட்டு மகிழுந்தின் கியர்பெட்டியைத் திறக்க இயலாமல் இருக்கலாம். எந்த போல்ட் முதலில் இறுகிப்போகும், எந்த இணைப்பு முதலில் பச்சை பூக்கும் என்பதைச் சொல்ல அவர்களைவிடத் தகுந்தவர் சேவை மையத்தில் இருப்பது ஐயமே.

தேர்வில் கருதப்படுபவை

உத்தரவாதக் காலத்தில் சேவை மையத்தை விட்டு விலகாமையே பொதுவான வழக்கம். ஆணையத்தின் கட்டளை உரிமையாளருக்குச் சாதகமானதே. எனினும், எஞ்சின் உடைந்தபின் எந்த வேலையால் உடைந்தது என வாதிட்டு நிறுவுவது எளிதன்று. உத்தரவாதம் முடிந்தபின், ஆயில், பிரேக், டயர், சஸ்பென்ஷன் போன்ற இயந்திர வேலைகளைச் சிறப்புப் பட்டறையிலும், மென்பொருள், காற்றுப்பை, உயர் மின்னழுத்த வேலைகளைச் சேவை மையத்திலும் பிரித்துச் செய்விப்போர் உள்ளனர். இருபுறக் குறிப்புகளையும் ஒரே பதிவேட்டில் சேர்த்து, பாக எண்ணுடன் கூடிய ரசீதுகளைப் பாதுகாத்தால் மறுவிற்பனை இழப்பு குறையும்.

பட்டறையைத் தேர்வோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதே மாதிரிக் கார் அங்கு ஏற்கெனவே வந்துள்ளதா என்பதே. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவார்களா என்பது அடுத்தது. இக்கேள்விகளைச் சேவை மையத்திலும் கேட்கலாம், கேட்பவர் குறைவு.

முகவர் இல்லாத நிலை

நிறுவனமே சந்தையை விட்டு விலகினால் இத்தேர்வு சுருங்கிவிடுகிறது. சென்னையை அடுத்துள்ள வண்டலூர்ப் பகுதியில் ஹெரால்டு கார்களைத் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், 1980களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது. அதன்பின் அக்கார்களை ஓடவைத்தவை தனிப் பட்டறைகளே. ஃபோர்டு 2016 முதல் மஸ்டாங் காரை இறக்குமதி செய்து இந்தியாவில் விற்றது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022 இல் மறைமலை நகர் ஆலையில் உற்பத்தியை முடித்தது. வாடிக்கையாளர்களுக்கு உதிரிப்பாகமும் சேவையும் தொடரும் என்று அறிவிக்கப்பட்டபோதிலும், பல முகவர்கள் விலகியதால் சேவை மையங்களின் எண்ணிக்கை சுருங்கியது. மஸ்டாங் உலகெங்கும் பெரும் எண்ணிக்கையில் விற்கப்பட்ட கார் என்பதால், அதன் பாகங்களை வெளிநாட்டுச் சந்தையிலிருந்து நேரடியாக வரவழைப்பது ஒப்பீட்டளவில் எளிது. மிகச் சில நூறுகளே தயாரிக்கப்பட்ட கார்களுக்கு இவ்வழி பெரும்பாலும் அமைவதில்லை. அவற்றுக்குப் பழைய கார்களிலிருந்து கழற்றிய பாகங்களையோ, பட்டறையில் புதிதாகக் கடைந்த பாகங்களையோ நம்ப வேண்டியுள்ளது.