மர ரூன்கள்: எழுத்துக் குச்சியும் தாயத்தும்

ரூன் என்பது வட ஐரோப்பாவில் ஜெர்மானிய மொழிகளைப் பேசிய மக்கள் கி.பி. முதல் நூற்றாண்டுகளிலிருந்து பயன்படுத்திய எழுத்து முறை. டென்மார்க், நார்வே, ஸ்வீடன், ஐஸ்லாந்து, இங்கிலாந்து, நெதர்லாந்தின் ஃபிரீசியக் கடற்கரை ஆகிய இடங்களில் இவ்வெழுத்துகள் பொறித்த பொருட்கள் கிடைத்துள்ளன. இன்று இதே எழுத்துகள் சிறு மரவில்லைகளில் சுட்டுப் பொறிக்கப்பட்டு, துணிப்பையில் இட்டு, குறி பார்க்கவும் தாயத்தாக அணியவும் இணையக் கடைகளில் விற்கப்படுகின்றன. பெரும்பாலான விற்பனைக் குறிப்புகளில் 'வைக்கிங் காலத்து மரபு' என்ற சொற்றொடர் இருக்கும். அம்மரபில் ஒரு பகுதி உண்மையிலேயே பழையது. இன்னொரு பகுதி பதினேழு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. மற்றொரு பகுதி 1982-இல் அச்சான ஒரு புத்தகத்திலிருந்து வந்தது.

மரமும் எழுத்தும்

ரூன் வரிசைக்கு அதன் முதல் ஆறு எழுத்துகளின் ஒலிகளைச் சேர்த்து 'ஃபுதார்க்' என்று பெயர். மூத்த ஃபுதார்க்கில் 24 எழுத்துகள் இருந்தன. எட்டாம் நூற்றாண்டை ஒட்டி ஸ்காண்டினேவியாவில் அது 16 எழுத்துகளாகச் சுருங்கியது. வைக்கிங்குகள் எழுதியது இந்த இளைய ஃபுதார்க்கில்தான். 'வைக்கிங் ரூன்' என்று விற்கப்படும் 24 எழுத்துத் தொகுதி, வைக்கிங் காலத்தில் பெரும்பாலும் வழக்கொழிந்து போன பழைய வரிசை.

எழுத்துகளின் வடிவமே மரத்துக்கு ஏற்றது. ரூன்களில் செங்குத்துக் கோடுகளும் சாய்கோடுகளும் மட்டுமே உண்டு. தொடக்க கால வடிவங்களில் கிடைக்கோடு இல்லை என்றே சொல்லலாம். குச்சியின் நீளவாக்கில் ஓடும் இழையோடு ஒத்துப்போகும் கிடைக்கோடு இழைக்குள் மறைந்துவிடும், மரத்தையும் பிளக்கும். ஓலையில் நேர்கோடு கீறினால் கிழியும் என்பதால் தமிழ் எழுத்துகள் வளைந்தன என்று சொல்லப்படுவதுண்டு. அங்கே கத்தியும் மரமும் சேர்ந்து எதிர்த்திசையில் ஒரு முடிவை எடுத்தன. பழைய நார்டிக் மொழியில் 'ஸ்டாஃப்ர்' என்ற ஒரே சொல் குச்சியையும் எழுத்தையும் குறித்தது.

மரம் மக்கிவிடும் என்பதால் நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் கல்லும் உலோகமும் எலும்புமே. சதுப்பு நிலங்கள் மட்டும் விதிவிலக்கு. டென்மார்க்கின் ஃப்யூன் தீவில் உள்ள விமோசே சதுப்பில் சுமார் கி.பி. 160-ஐச் சேர்ந்த, ரூன் பொறித்த சீப்பு ஒன்று கிடைத்தது. அதே சதுப்பில் தச்சரின் மர இழைப்புளி ஒன்றிலும் ரூன்கள் இருந்தன. நார்வேயில் 2021-இல் கண்டெடுக்கப்பட்டு 2023-இல் அறிவிக்கப்பட்ட ஸ்விங்கெருட் கல் இதைவிடவும் முந்தியதாக இருக்கக்கூடும். ஆறாம் நூற்றாண்டின் லத்தீன் கவிஞர் வெனான்டியஸ் ஃபார்ச்சுனேட்டஸ், 'காட்டுமிராண்டிகள்' சாம்பல்மரப் பலகைகளில் ரூன் தீட்டுவதைப் பற்றி ஒரு கவிதையில் குறிப்பிடுகிறார். அந்தப் பலகைகளில் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை.

சீட்டுப் போடுதல்

மரத்துண்டுகளை வீசிக் குறி பார்க்கும் வழக்கத்துக்குக் காட்டப்படும் முதன்மைச் சான்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் கி.பி. 98-இல் எழுதிய 'ஜெர்மானியா'. கனி தரும் மரத்திலிருந்து ஒரு கிளையை வெட்டி, அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சில அடையாளங்களை இட்டு, வெள்ளைத் துணியின் மேல் கண்டபடி எறிவார்கள். ஊர்ப் பொதுக்காரியம் என்றால் பூசாரியும், வீட்டுக் காரியம் என்றால் குடும்பத் தலைவரும் வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக மூன்று துண்டுகளை எடுத்துப் பொருள் சொல்வார்கள். 'கூடாது' என்று வந்துவிட்டால் அன்றைக்கு அதைப் பற்றி மறுபடி கேட்கக்கூடாது.

இந்த விவரிப்பு தெளிவானது. ஆனால் டாசிடஸ் 'அடையாளங்கள்' என்றுதான் எழுதினார். எழுத்துகள் என்று எழுதவில்லை. அவர் எழுதிய காலம் ரூன் எழுத்து உருவாகிக்கொண்டிருந்த காலம். அந்த அடையாளங்கள் ரூன்களாக இருக்கலாம், குடும்பக் குறிகளாகவும் இருக்கலாம். இன்றைய ரூன் ஆரூடத்தின் அடித்தளம் இந்த ஒரு பத்தி என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எழுதிக் காத்தல்

ஆரூடத்துக்குச் சான்று மெலிந்திருக்க, தாயத்துக்குச் சான்று ஏராளம். ஸ்வீடனின் ஸ்கோனே பகுதியில் 1840-இல் கிடைத்த லிண்ட்ஹோல்ம் எலும்புத் தாயத்தில் ஒரே எழுத்து எட்டு முறை அடுத்தடுத்து வருகிறது. பின் வேறு சில எழுத்துகள் அதேபோல் திரும்பத் திரும்ப வந்து, 'அலு' என்ற சொல்லோடு முடிகிறது. இந்த 'அலு' பொன் பதக்கங்கள் பலவற்றிலும் காணப்படுகிறது. அதன் பொருள் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

டென்மார்க்கின் ரீபே நகரில் 1955-இல் கிடைத்த பைன் குச்சி சுமார் 30 செ.மீ. நீளமுள்ளது, 1300-ஐ ஒட்டிய காலத்தது. நடுக்கக் காய்ச்சலை, அநேகமாக மலேரியாவை, விரட்டும் மந்திரம் அதில் செய்யுளாகப் பொறிக்கப்பட்டுள்ளது. மந்திரம் பூமி, வானம், சூரியன், அன்னை மரியா, ஆண்டவர் என்று எல்லோரையும் ஒரே மூச்சில் துணைக்கு அழைக்கிறது. டென்மார்க் கிறிஸ்தவமாகி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. பொறித்தவருக்கு ரூனும் ஜெபமும் முரணாகத் தோன்றவில்லை. ரூன் தாயத்து என்றாலே ஓடின், தோர் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் குச்சி ஒரு நல்ல மறுப்பு.

தவறாகப் பொறித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐஸ்லாந்தின் 'எகில் சாகா'வில் ஒரு கதை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இந்நூல், பத்தாம் நூற்றாண்டுக் கவிஞரும் முரடருமான எகிலின் வாழ்க்கையைச் சொல்கிறது. எகில் ஒரு வீட்டுக்குப் போகிறார். அங்கே ஹெல்கா என்ற பெண் நீண்ட நாளாக நோயில் படுத்திருக்கிறாள். அவள் படுக்கையில் ரூன் பொறித்த திமிங்கில எலும்பு ஒன்று கிடைக்கிறது. பக்கத்து உழவரின் மகன் அவள் காதலைப் பெற விரும்பிப் பொறித்தது அது. பிழையாகப் பொறித்ததால் நோய் வந்தது. எகில் எழுத்துகளைச் சுரண்டித் தீயில் இட்டு, எலும்பையும் எரித்து, படுக்கைத் துணிகளைக் காற்றாடப் போடச் சொல்கிறார். பிறகு தானே ரூன் பொறித்துத் தலையணையின் கீழ் வைக்க, அவள் தேறுகிறாள். படிக்கத் தெரியாதவன் பொறிக்கக்கூடாது என்பது எகிலின் எரிச்சல். பொருளில் அல்ல, அதைச் சரியாக எழுதத் தெரிந்த அறிவில்தான் ஆற்றல் இருக்கிறது என்று அக்காலத்தவர் நம்பியதை இக்கதை காட்டுகிறது. தாயத்தைக் காசு கொடுத்து வாங்குவது இந்த மனநிலைக்கு வெகு தூரத்தில் உள்ளது.

பெர்கன் தீ விபத்து

1955 ஜூலை 4 அன்று நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில், ப்ரிக்கன் என்னும் பழைய வணிகர் குடியிருப்பின் ஒரு பகுதி தீயில் எரிந்தது. அவ்விடத்தில் ஆஸ்ப்யோர்ன் ஹெர்டெய்க் தலைமையில் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் நடந்த அகழாய்வில், ஈரமண்ணில் அழியாமலிருந்த ரூன் பொறிப்புகள் சுமார் 670 கிடைத்தன. பெரும்பாலானவை மரக்குச்சிகள், பன்னிரண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரையிலானவை.

அதுவரை ரூன் என்பது நடுகல்லுக்கும் மந்திரத்துக்கும் உரிய புனித எழுத்து என்ற எண்ணம் வலுவாக இருந்தது. ப்ரிக்கன் குச்சிகள் அதைக் கலைத்துப் போட்டன. சரக்கு மூட்டையில் கட்டிய உரிமையாளர் பெயர்ச்சீட்டுகள், வியாபாரக் கடிதங்கள், லத்தீன் ஜெபங்கள், காதல் வரிகள், கெட்ட வார்த்தைகள், எழுத்துப் பழகிய ஃபுதார்க் வரிசைகள் எல்லாம் அதில் இருந்தன. ஒரு குச்சியில் கீதா என்ற பெண் ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்கிறாள் என்று மட்டும் எழுதியிருக்கிறது. மறுபக்கத்தில் பதில் போலத் தெரியும் கீறல்களைப் படிக்க முடியவில்லை. இடையிடையே மந்திரங்களும் உண்டு. ஒரு நாற்பக்கக் குச்சியில் நோய் தீர்க்கும் ரூன், காக்கும் ரூன் என்று தொடங்கிக் காதல் வசியம் பொறிக்கப்பட்டுள்ளது. மந்திரம் இருந்தது, அது அன்றாட எழுத்தின் பயன்களில் ஒன்றாக, மூட்டைச் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஐஸ்லாந்தின் தீ

பதினேழாம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் ரூன் வைத்திருப்பது உயிருக்கே ஆபத்தானது. சூனிய வழக்குகளில் சுமார் இருபது பேர் எரிக்கப்பட்டனர். ஐரோப்பாவின் பிற பகுதிகளுக்கு மாறாக, ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். முதலில், 1625-இல், எரிக்கப்பட்ட யோன் ரோக்ன்வால்ட்சனுக்கு எதிரான சான்றுகளில் அவரிடம் கிடைத்த ரூன் தாள்களும் அடக்கம்.

இன்று மரப்பதக்கங்களில் மிகுதியாக விற்கும் சின்னங்கள் இந்தப் பிற்கால ஐஸ்லாந்து மந்திரச் சுவடி மரபிலிருந்து வந்தவை. எட்டுக் கைகள் விரிந்த 'வெக்விசிர்' என்ற சின்னம் 'வைக்கிங் திசைகாட்டி' என்று பெயர் சூட்டி விற்கப்படுகிறது. அணிந்தவர் புயலிலும் வழி தவறமாட்டார் என்ற குறிப்புடன் அது காணப்படும் 'ஹுல்ட்' சுவடி 1860-இல் தொகுக்கப்பட்டது. வைக்கிங் காலம் முடிந்து அப்போது சுமார் எண்ணூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அது ரூனும் அல்ல.

லிஸ்ட், ஹிட்லர், ப்ளம்

வியன்னாவைச் சேர்ந்த குய்டோ ஃபான் லிஸ்ட் 1902-இல் கண்புரை அறுவைக்குப் பின் பல மாதங்கள் பார்வையின்றி இருந்தார். அப்போது ரூன்களின் இரகசியம் தமக்கு அகக்கண்ணில் வெளிப்பட்டதாகக் கூறி, 1908-இல் 18 எழுத்து கொண்ட புதிய வரிசை ஒன்றை நூலாக வெளியிட்டார். வரலாற்றில் எந்தக் கல்லிலும் குச்சியிலும் அந்த வரிசை இல்லை. ஆனால் ஜெர்மன் இனப்பெருமை வட்டங்களில் அது பரவியது. நாஜிகளின் எஸ்.எஸ். படை 'சிக்' ரூன் இரண்டைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. 'ஓடல்', 'டியூர்' ரூன்களும் நாஜிச் சின்னங்களாயின. மூத்த ஃபுதார்க்கின் முக்கிளை எழுத்தை நிமிர்த்தினால் 'உயிர்', கவிழ்த்தினால் 'சாவு' என்று படிப்பதும் இந்த வழியில் வந்ததே. எஸ்.எஸ். கல்லறைகளில் பிறப்பு, இறப்புத் தேதிகளுக்கு முன் அவை பொறிக்கப்பட்டன. இரட்டைச் சிக் ரூனைப் பொதுவில் காட்டுவது ஜெர்மனியில் இன்றும் குற்றம். நவநாஜிக் குழுக்கள் டியூரையும் ஓடலையும் இப்போதும் கொடியில் வைத்திருக்கின்றன. ஐரோப்பாவில் கழுத்தில் ஒரு ரூன் பதக்கத்தோடு நடப்பவர் இதை அறியாமல் நடப்பது சங்கடத்தில் முடியலாம். தொகுதி முழுவதையும் பையில் வைத்திருப்பதற்கும், அந்த இரண்டில் ஒன்றைத் தனியே அணிவதற்கும் வேறுபாடு உண்டு.

இன்றைய கடைத்தொகுதியின் நேரடி முன்னோர் 1982-இல் அமெரிக்காவில் வெளியான ரால்ஃப் ப்ளமின் ரூன் புத்தகம். சுட்ட மண் வில்லைகளோடு சேர்த்து விற்கப்பட்ட அது பெருவெற்றி பெற்றது. இருபத்தைந்தாவதாக எதுவும் எழுதாத ஒரு 'வெற்று ரூன்' அதில் சேர்ந்தது. அதற்குப் பழஞ்சான்று எதுவும் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் சொல்லப்படும் பொருள்கள் ஓரளவு பழைய ஆங்கில, நார்வேஜிய, ஐஸ்லாந்திய ரூன் கவிதைகளைச் சார்ந்தவை. அவை எழுத்தின் பெயரை நினைவில் வைக்க உதவும் செய்யுள்களே. 'செல்வம்' என்ற எழுத்து உறவினருக்குள் சண்டை மூட்டும் என்பது போல உலகியல் பேசுபவை. தலைகீழாக விழுந்தால் எதிர்ப்பொருள் என்ற விதி அவற்றில் இல்லை. பழைய பொறிப்பாளர்கள் வலமிருந்து இடமாகவும் எழுத்தைக் கவிழ்த்தும் எழுதினார்கள்.

வாங்குவோர் காண்பவை

இன்றைய கைவினைஞர் பெரும்பாலும் சாம்பல்மரம், ஓக், பிர்ச் கிளைகளைக் குறுக்கே அறுத்து, தேய்த்து, சூடான முனையால் எழுத்தைச் சுட்டு, ஆளிவிதை எண்ணெயோ தேன்மெழுகோ பூசுகிறார். நன்கு உலராத கிளையின் வட்டவில்லை மையத்திலிருந்து விளிம்புக்கு வெடிக்கும். நீளவாக்கில் பிளந்த சிறு குச்சி அப்படி எளிதில் வெடிப்பதில்லை. பழைய ரூன் குச்சிகளும் அந்த வடிவில்தான் இருந்தன. எல்லா வில்லைகளிலும் கோடுகள் அச்சுப்போல் ஒரே ஆழத்தில் இருந்தால் அது லேசர் வேலை என்று கொள்ளலாம். ஃபிரீசியாவின் பழைய தாயத்துகள் சில யூ மரத்தால் ஆனவை. 'மரபுப்படி' அதையே விற்பவர்களும் உண்டு. யூவின் இலை, விதை, மரம் எல்லாம் நச்சுடையவை. குழந்தைகள் வாயில் வைக்கும் வீட்டுக்கு அது ஏற்றதல்ல. பட்டையோடு கூடிய வில்லைகளை ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் தாவரத் தடுப்புக்காப்புத் துறை நிறுத்திவிடக்கூடும். எட்ஸி தளம் 2015-இல் மந்திரப் பலனை உறுதியளித்து விற்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் அங்கே விற்பனைக்கு இருப்பது மரத்துண்டு. பலன் வாங்குபவர் பொறுப்பு.

பெயர் பொறித்துத் தரச்சொல்லி வாங்குவோரே மிகுதி. விற்பவர் பலர் ஆங்கில எழுத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்றித் தருகிறார்கள். ரூன் ஒலிக்கான எழுத்து. ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கானது அல்ல. தமிழ்ப் பெயர் என்றால் கதை வேறு. மூத்த ஃபுதார்க்கில் ங் ஒலிக்கென்றே தனி எழுத்து உண்டு. ஆங்கிலத்திற்கு அது இல்லை. இளைய ஃபுதார்க்கிலோ, தமிழில் 'க' போலவே, ஓர் எழுத்தே வல்லொலிக்கும் மெல்லிய ஒலிக்கும் பொதுவானது: ககரத்துக்கு ஒன்று, தகரத்துக்கு ஒன்று, பகரத்துக்கு ஒன்று. கங்கா என்ற பெயரை இரண்டிலும் சிரமமின்றி எழுதலாம். யாழினிக்கும் கண்ணனுக்கும்தான் இடர்: ழகரத்துக்கும் ணகரத்துக்கும் எந்த ஃபுதார்க்கிலும் குச்சி இல்லை.