நீரிழிவும் விழித்திரையும்: சிங்கப்பூர் கண்ட வழி

நீரிழிவு தமிழர்க்குப் புதிய நோயன்று. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கொண்டே அதனைக் கண்டறிந்தனர் நம் நாட்டுப் பண்டை வைத்தியர்கள். ஆனால் அந்நோய் கண்ணின் உட்புறத்தே செய்யும் கேட்டைக் காண அவர்களுக்கு வழியில்லை. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் விழியினுள் நோக்கும் கருவியை வெளியிட்ட பின்னரே அது கைகூடிற்று. சில ஆண்டுகளில் வியன்னா டாக்டர் எட்வர்ட் யேகர், நீரிழிவு கொண்டார் ஒருவரின் விழித்திரையிற் கண்ட மாறுதல்களை எழுதி வைத்தார்.

ஈண்டு ஒரு விந்தையைக் குறிப்பிடல் வேண்டும். 1921-22-இல் டொரான்டோ நகரில் இன்சுலின் கண்டறியப்படும் வரை, கடும் நீரிழிவுற்ற இளைஞர் கண் கெடும் முன்னரே மாண்டு போயினர். இன்சுலின் அவர்க்கு ஆயுளை அளித்தது. ஆயுள் நீளவே, பார்வை இழப்பும் பெருகிற்று. மிகுந்த சர்க்கரையால் விழித்திரையின் நுண்குழாய்கள் நைந்து கசிகின்றன. பின்னர் வலுவற்ற புதுக் குழாய்கள் முளைத்து உடைந்து குருதி கொட்டுகின்றன. இவ்வளவும் நிகழும்போது வலி சிறிதும் இராது. நெடுநாள்வரை பார்வையும் குன்றாது. இதுதான் இந்நோயின் வஞ்சகம்.

கண்டறிந்தும் பயன் என்னை என்று டாக்டர்களே கையை விரித்த காலமும் உண்டு. ஒளிக்கற்றையால் விழித்திரையைச் சுடும் முறை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் தடுக்கும் என்று 1976-இல் அமெரிக்கப் பேராய்வு ஒன்று காட்டிய பின்னரே, முன்கூட்டிப் பார்ப்பது பொருளுள்ள செயலாயிற்று.

சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே 1975-இல் நூற்றுக்கு இருவர் அளவில் இருந்த நீரிழிவு, 2010-இல் 11.3 விழுக்காடாயிற்று. அவ்வாண்டுக் கணக்கில் சீனர் 9.7, மலாய்க்காரர் 16.6, இந்தியர் 17.2. தேக்காப் பலகாரக் கடைகள்மேல் பழி போடுவது எளிது. ஆனால் குருதியில் வரும் மரபுக்கும் இதிற் பங்குண்டு என்பதை மறத்தல் ஆகாது.

1990-இல் டாக்டர் ஆர்தர் லிம் முயற்சியால் சிங்கப்பூர்த் தேசியக் கண் நிலையம் திறக்கப்பெற்றது. அதையொட்டிய ஆண்டுகளில் பலதுறை மருந்தகங்களிலேயே நீரிழிவினரின் விழித்திரையைப் படமெடுக்கும் வழக்கம் வந்தது. பின்னர் 2004-06-இல் மலாய்க்காரரிடையேயும், 2007-09-இல் இந்தியரிடையேயும் பெரிய கண் ஆய்வுகள் நடந்தன. இந்தியர் ஆய்வு நடந்த இடம் சிராங்கூன் சாலையன்று; தீவின் தென்மேற்குப் பகுதி. நாற்பது வயது கடந்த ஏறத்தாழ 3,400 பேரைச் சோதித்ததில், மூன்றிலொரு பங்கினர்க்கு நீரிழிவு இருந்தது. அந்நீரிழிவினருள் பத்தில் மூவர்க்கு விழித்திரை கெட்டிருந்தது. மலாய்க்காரர் ஆய்விலோ, விழித்திரை கெட்டவருள் பெரும்பாலோர் அதனை அறியாதவராகவே இருந்தனர்.

படமெடுப்பதில் ஒரு குறை இருந்தது. அதனைப் பார்த்து முடிவு சொல்ல இரண்டு முதல் நான்கு வாரம் சென்றது. நலமாக இருப்பதாக எண்ணும் ஒருவர், முடிவறிய மறுபடி வருவார் என்பது என்ன உறுதி? 2010-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டம் இதனை மாற்றியது. மருந்தகத்தில் எடுத்த படம் கணினி வழியே நடு நிலையத்துக்குச் சென்றது. அங்கே பயிற்சி பெற்றவர் நோக்கி, சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவனுப்பினர். டாக்டரல்லாதாரை இப்பணிக்குப் பழக்கியதே இத்திட்டத்தின் சிறப்பு என்பேன்.

அத்திட்டத்திற் குவிந்த படங்களே பின்னர் இயந்திரத்துக்கும் பாடமாயின. ஏறத்தாழ ஐந்து லட்சம் படங்களைக் கொண்டு செய்த கணினி ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. மனிதர் பார்ப்பதா, இயந்திரம் பார்ப்பதா என்ற வினா எழவே, 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு செலவைக் கணக்கிட்டது. இயந்திரம் முதலிற் சலித்துக் கொடுக்க, ஐயமுள்ளவற்றை மனிதர் பார்க்கும் கலப்பு முறையே மிகக் குறைந்த செலவினது என்று அது கண்டது.