ஒரே மருந்து, இரண்டு அளவுகோல்கள்

மனச்சோர்வுக்குத் தரும் சிட்டலோப்ராம் மாத்திரை ஆட்டிசம் உள்ளவர்களுக்கு உதவுமா? இதை ஆராய்ந்த இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தனியே படித்தால் ஒன்று நம்பிக்கையைக் கூட்டும்; மற்றது கைவிரித்துவிடும்.

முதலாவது லண்டனில் நடந்து 2019இல் வெளியானது. ஆட்டிசம் உள்ள 19 ஆண்கள், இல்லாத 19 ஆண்கள். ஒவ்வொருவரும் ஒருமுறை 20 மில்லிகிராம் சிட்டலோப்ராமும், இன்னொருமுறை மருந்தில்லாத மாத்திரையும் விழுங்கிவிட்டு எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் படுத்தார்கள். எது எப்போது என்பது அவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் மறைக்கப்பட்டிருந்தது. சட்டென்று செயலை அடக்குவது, கவனத்தைத் தக்கவைப்பது ஆகிய இரண்டு பயிற்சிகளின்போது மூளை இயங்கும் விதம் பதிவானது. மருந்தில்லாதபோது இரு குழுவினரின் மூளை இயக்கமும் வேறுபட்டது. மருந்துக்குப் பின், மூளையின் முன்மடலின் கீழ்ப்பகுதியில் இருந்த வேறுபாடு மறைந்தது. மற்ற இடங்களிலும் பெரும்பாலும் மறைந்தது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் சில பகுதிகளில் இந்த மாற்றத்தின் அளவு, இரத்தத்திலுள்ள செரோட்டோனின் என்ற வேதிப்பொருளின் அளவோடு தொடர்புடையதாக இருந்தது. ஒரே மாத்திரை எல்லோரிடமும் ஒரே அளவில் வேலை செய்யாது என்பதற்கான இந்தக் குறிப்பே அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இரண்டாவது, 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு. ஆட்டிசம் உள்ள, 5 முதல் 17 வயது வரையிலான 149 பேருக்கு 12 வாரம் சிட்டலோப்ராம் அல்லது போலி மருந்து. திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்கள் குறைகின்றனவா என்று பார்த்தார்கள். முன்னேறியவர்கள் மருந்துக் குழுவில் 33 சதவீதம், மற்றதில் 34. தூக்கமின்மையும் அளவுமீறிய துடிப்பும் மருந்துக் குழுவில்தான் கூடுதல்.

இவை ஒன்றையொன்று மறுக்கவில்லை. வயது வேறு, காலம் வேறு, அளந்த பொருளும் வேறு. இவ்வகை மருந்துகள் மனநிலையில் பலன் காட்டச் சில வாரங்கள் பிடிக்கும். முதல் மாத்திரையில் மூளையில் நடப்பது அந்தப் பலன் அல்ல. மேலும், ஸ்கேனில் மற்றவர்களின் மூளையைப் போலத் தெரிவதையே நலம் என்று எண்ணுவதும் தவறு. சிகிச்சையை முடிவுசெய்ய 12 வார ஆய்வுக்கே எடை அதிகம். ஆனால் குழந்தைகளின் முடிவைப் பெரியவர்கள்மேல் சுமத்த முடியாது: 1996இல் வெளியான ஆய்வில், இதே வகை மருந்தான ஃப்ளூவோக்சமைன் பெற்ற, ஆட்டிசம் உள்ள 15 பெரியவர்களில் 8 பேர் முன்னேறினார்கள், மருந்தில்லாத 15 பேரில் ஒருவரும் இல்லை.

இந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தாமாக நிறுத்திவிட வேண்டாம். எந்தத் தொல்லைக்காக இது, பலனை எப்போது, எதை வைத்து மதிப்பிடுவோம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.