எம்.டி. ராமநாதனின் சௌக்கப் பாட்டு: ஒரு விவாதத்தின் வரலாறு

எம்.டி. ராமநாதன் (மே 20, 1923 - ஏப்ரல் 27, 1984) கர்நாடக இசைப் பாடகர், பாடலாசிரியர், இசையாசிரியர். மஞ்சப்பரா தேவேச ராமநாதன் என்பது முழுப்பெயர். தாழ்ந்த சுருதியில், மிகவும் சௌக்கமான காலப்பிரமாணத்தில் பாடியவர். அவருடைய பாட்டு ஆழமானதா அல்லது வெறுமனே சலிப்பூட்டுவதா என்ற கேள்வி அவர் மேடையேறிய நாட்களிலேயே எழுந்தது. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ரசிகர்கள் இதில் இரண்டு கட்சியாகவே இருக்கிறார்கள். கர்நாடக இசையில் வேகம் குறித்து நடந்த விவாதங்கள் பலவும் ஏதோ ஓர் இடத்தில் இவர் பெயரைத் தொட்டுச் செல்பவை.

பிறப்பு, குருமரபு

ராமநாதன் அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில், பாலக்காட்டை அடுத்த மஞ்சப்பராவில் பிறந்தார். தந்தை தேவேச பாகவதர் இசையாசிரியர். பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் இயற்பியல் படித்துப் பட்டம் பெற்றபின் இசை கற்கச் சென்னைக்கு வந்தார். ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் நிறுவிய கலாக்ஷேத்ராவில் 1944-ல் சங்கீத சிரோமணி படிப்பு தொடங்கப்பட்டது. அதன் முதல் அணியில் ராமநாதன் சேர்ந்தார். அந்த அணியில் அவர் ஒருவர்தான் மாணவர்.

ஆசிரியர் டைகர் வரதாச்சாரியார் (1876-1950). ஒற்றை மாணவரும் முதிய ஆசிரியரும் என்ற இந்த அமைப்பு ராமநாதனின் இசையைப் புரிந்துகொள்ள முக்கியமானது. வகுப்பறைப் படிப்பு என்ற பெயரில் நடந்தது நடைமுறையில் குருகுலவாசம்தான். டைகர் தன் காலத்தில் மனோதர்மத்திற்குப் பெயர் பெற்றவர், 1932-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் மாணவர். பட்டணம் ஐயர் சௌக்கமாகப் பாடுவதில் பேர்போனவர். பட்டணம் ஐயரின் இன்னொரு மாணவரான மைசூர் வாசுதேவாச்சாரியாரும் முதுமையில் கலாக்ஷேத்ராவில் பணியாற்றினார். ஆகவே ராமநாதனின் நிதானம் அவர் ஒருவரின் தனிப்பட்ட விசித்திரம் என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அதற்கு முன்னோர் உண்டு. எவ்வளவு தூரம் அதைக் கொண்டுபோனார் என்பதில்தான் அவர் தனித்து நின்றார்.

1950-ல் குரு மறைந்தபின் ராமநாதன் கலாக்ஷேத்ராவிலேயே ஆசிரியராகத் தொடர்ந்தார், பின்னர் அதன் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். ஏறத்தாழ 300 பாடல்கள் இயற்றியதாகக் கணக்கிடப்படுகிறது. அவற்றில் தன் பெயரை வைக்காமல் 'வரததாச' என்று குருவின் அடியவனாக முத்திரை வைத்துக்கொண்டார். பாகேஸ்ரீ ராகத்தில் அமைந்த 'சாகர சயன விபோ' அவற்றுள் பலரும் அறிந்தது.

விவாதத்தின் பின்னணி: கச்சேரி வேகம் கொண்ட கதை

ராமநாதன் மேடைக்கு வந்த காலத்தில் கச்சேரியின் வடிவம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967) வடிவமைத்ததாகச் சொல்லப்படும் முறையில் வர்ணத்தில் தொடங்கி, மத்திமகாலத்தில் விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், நடுவே ஒரு கனமான உருப்படி, ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடாக்கள் என்று ஒரு வரிசை உண்டு. கேட்பவரை எந்த இடத்திலும் சோர விடாமல் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். ஜி.என். பாலசுப்பிரமணியம் (1910-1965) இதனுடன் மின்னல்போன்ற பிருகாக்களைச் சேர்த்தார். அதற்குப் பின் வந்த இளைஞர்கள் பலருக்கும் நன்றாகப் பாடுவது என்றால் ஜி.என்.பி. போலப் பாடுவது என்றே ஆயிற்று.

இந்த மாற்றத்திற்குக் கலைசார்ந்த காரணங்களைவிட நடைமுறைக் காரணங்கள் வலுவானவை. கோயில் வீதியில் இரவெல்லாம் நாகஸ்வர ஆலாபனை கேட்டவர் நின்றோ உட்கார்ந்தோ தூங்கியோ கேட்டார். யாரும் அவரிடம் நேரம் கேட்கவில்லை. சபா ரசிகர் சீட்டு வாங்கி நாற்காலியில் அமர்ந்தவர். கடைசிப் பேருந்து அவர் மனதில் இருந்தது. மூன்று மணிநேரத்திற்குள் எட்டுப் பத்து உருப்படிகள் வேண்டும் என்று அவர் எதிர்பார்த்ததில் தவறில்லை. சலிப்பு என்பது பாட்டில் மட்டும் உள்ள குணம் அல்ல. அது அமர்ந்திருக்கும் இடத்தையும் பொறுத்தது.

இந்த அரங்குக்குள்தான் ராமநாதன் வந்தார். ஒரு பல்லவியின் முதல் வரியை எடுத்து, அதன் சங்கதிகளை ஒவ்வொன்றாக அடுக்கி, இரண்டு சொற்களுக்கிடையே மௌனம் விட்டுப் பாடினார். சபாக்களில் சிலர் எழுந்து சிற்றுண்டிச்சாலைக்குப் போனார்கள். சிலர் அந்த ஒருவருக்காகவே வந்தார்கள்.

சலிப்பு என்றவர்களின் வாதம்

ராமநாதனை ஏற்காதவர்களைச் செவியற்றவர்கள் என்று தள்ளிவிடுவது அவரது அபிமானிகளிடையே வழக்கம். அது சரியல்ல. எதிர்வாதத்தில் குறைந்தது மூன்று சங்கதிகள் பதில் சொல்லப்பட வேண்டியவை.

ஒன்று குரல். ராமநாதனின் சுருதி ஒரு கட்டைக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு தாழ்ந்த சுருதிக்கு மிருதங்கம் தக்கு சுருதியில் அமைய வேண்டும், வயலின் தந்திகளையும் தளர்த்த வேண்டும். பக்கவாத்தியங்களின் ஒலியிலேயே கூர்மை குறைந்து ஒரு மந்தம் வந்துவிடும். மந்த்ர ஸ்தாயியில் அவருக்கு இருந்த கம்பீரம் தார ஸ்தாயியில் இல்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. பெரிய அரங்கின் கடைசி வரிசையில் இருந்தவருக்கு இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது, வேறுபாடு. சௌக்கத்தின் அழகு துரிதத்தின் அருகில் வைக்கும்போதே தெரியும், எல்லாமே சௌக்கமானால் எதுவுமே சௌக்கம் அல்ல என்பது இந்த வாதம். முழுக் கச்சேரியாகக் கேட்கும்போது இதில் நியாயம் உண்டு. ஆனால் ராமநாதன் எல்லாவற்றையும் ஒரே காலத்தில் பாடினார் என்பது மிகை. கல்பனாஸ்வரங்களில் அவர் காலத்தைத் துள்ளலோடு நடத்துவதைப் பதிவுகளில் கேட்கலாம். கணக்குப் போட்டுக் கோர்வை வைப்பதைவிட சர்வலகுவில் மிதப்பதையே விரும்பினார் என்பதால், வேகம் இருந்தபோதும் அது சாகசமாகத் தெரியவில்லை.

மூன்றாவது வாதம்தான் கடினமானது. அது சொல் பற்றியது. மிகவும் சௌக்கமாகப் பாடும்போது சொல் உடைகிறது. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே கார்வையும் கமகமும் வந்து நிற்க, வாக்கியம் காதில் சேர்வதில்லை. கர்நாடக இசை உருப்படிகளில் பெரும்பாலானவை தெலுங்கில் இருப்பதால் சென்னைத் தமிழ் ரசிகரில் பலருக்கு இது ஒரு பொருட்டல்ல. பொருள் தெரியாத மொழியில் சொல் உடைந்தால் என்ன, உடையாவிட்டால் என்ன? தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்டவருக்கு அப்படி அல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு எல்லையில், ஆந்திரமும் கர்நாடகமும் தொட்டுக்கொண்டிருக்கும் வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. தியாகராஜரின் கீர்த்தனை அங்கே ஒருவருக்கு வெறும் ஒலியாக வருவதில்லை, பேச்சாக வருகிறது. ராமரிடம் முறையிடும் ஒரு வாக்கியம் பாதியில் நின்று, நீண்ட இடைவெளிக்குப் பின் மறுபாதி வந்தால் அவர் திகைக்கவே செய்வார். மொழி தெரிந்த ரசிகரிடமிருந்து வரும் இந்தக் குறையை இசை நுட்பம் பேசி மறுக்க முடியாது.

ஆழம் என்றவர்களின் வாதம்

ராமநாதனின் தரப்பு முதன்மையாக ராகத்தின் இயல்பை முன்வைக்கிறது. அவர் விரும்பிப் பாடியவை ஸஹானா, ஸ்ரீ, ஆனந்தபைரவி, யதுகுலகாம்போஜி, ரீதிகௌளை போன்ற ரக்தி ராகங்கள். இவை ஆரோகண அவரோகணத்தில் வாழ்பவை அல்ல. குறிப்பிட்ட சில பிடிகளில், அந்தப் பிடிகளுக்குள் ஒரு ஸ்வரம் இன்னொன்றில் சாயும் விதத்தில் வாழ்பவை. ஹரிகாம்போஜியின் ஜன்யமான ஸஹானாவில் காந்தாரம் அசையும் விதத்தை வேகமாகப் பாடிக் காட்ட முடியாது. வேகம் கூடினால் அசைவு சுருங்கும், இன்னும் கூடினால் அது வெறும் ஸ்வரமாகிவிடும். ராமநாதன் பாடிய தியாகராஜரின் 'கிரிபை' ஸஹானாவுக்கே இலக்கணமாகச் சொல்லப்படுவது இதனால்தான்.

இன்னொன்று, சௌக்கம் எளிது என்ற எண்ணம் தவறானது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு களையில் நான்கு மாத்திரை, இரு களையில் எட்டு மாத்திரை. காலம் இறங்க இறங்க எண்ணிக்கைகளுக்கு நடுவே உள்ள வெளி விரியும். அந்த வெளியைச் சீராக வைத்திருப்பது பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் ஒருசேரச் சோதனை. வேகத்தில் ஒளிந்துகொள்ளும் சுருதிப் பிசகு இங்கே வெளியே தெரிந்துவிடும். சொல்ல விஷயம் இல்லாதவர் இந்தக் காலத்தில் பாட முயன்றால் இரண்டு ஆவர்த்தனத்தில் காலியாகிவிடுவார். ராமநாதனைப் பார்த்துச் சௌக்கமாகப் பாட முயன்ற சிலரின் கச்சேரிகள் உண்மையிலேயே சலிப்பூட்டியதற்கு இதுவே காரணம். அந்தப் பழியும் மூலவரின் தலையில் விழுந்தது.

மரபிலிருந்தும் சான்று காட்டப்படுகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் பெரும்பாலும் சௌக்க நடையில் அமைந்தவை. வீணை தனம்மாள் (1867-1938) வழியில் வந்த பதங்கள் அதைவிட மெதுவானவை. அவர் பேத்தி டி. பிருந்தா பாடிய பதங்களைச் சலிப்பு என்று சொல்ல யாரும் துணிந்ததில்லை. இந்த வேறுபாடு கவனிக்கத்தக்கது. பதத்திற்கு அனுமதிக்கப்பட்ட காலப்பிரமாணம் கீர்த்தனைக்கு மறுக்கப்பட்டது. ராமநாதன் மீதான கோபம் வேகம் பற்றியது மட்டுமல்ல, எந்த உருப்படிக்கு எந்த நடை என்ற எழுதாத சட்டத்தை அவர் மீறியதும் அதில் சேர்ந்தது.

வேறொரு இசையில் ஒரு ஒப்புமை

அமெரிக்க ஜாஸ் வரலாற்றிலும் இதை ஒத்த ஒரு வழக்கு உண்டு. ஹார்ட் பாப் எனப்படும் ஜாஸ் வகையைச் சேர்ந்த டெனர் சாக்ஸஃபோன் கலைஞர் ஹேங்க் மோப்லி 1960 பிப்ரவரியில் ப்ளூ நோட் நிறுவனத்திற்காக 'சோல் ஸ்டேஷன்' என்ற இசைத்தட்டைப் பதிவுசெய்தார். ஜான் கோல்ட்ரேன் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' தட்டின் மூலம் வேகத்தின் எல்லையைத் தள்ளிக்கொண்டிருந்த நேரம் அது. உரத்துப் பேசாத, உருண்டையான தொனி கொண்ட மோப்லியை விமர்சகர் லெனர்ட் ஃபெதர் குத்துச்சண்டையின் நடுத்தர எடைப்பிரிவு வீரருக்கு ஒப்பிட்டார். பாராட்டாகச் சொன்னது என்றாலும், கனரக வீரர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள் என்ற பொருளே நிலைத்தது. இன்று அதே தட்டு அந்த வகையின் செவ்வியல் படைப்புகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது, அது சலிப்பானது என்பவர்களும் தொடர்ந்து இருக்கிறார்கள். ஒப்புமையை அதிகம் இழுக்கக் கூடாது. மோப்லி தன் பாணியின் நடுவே நின்றவர், ராமநாதன் தன் பாணியின் ஓரத்துக்குப் போனவர். ஆனால் இருவருடைய சமகாலத்திலும் வேகமே திறமையின் அளவுகோலாக இருந்தது.

பட்டம் பற்றிய சர்ச்சை

ராமநாதனுக்கு 1974-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. சங்கீத நாடக அகாதெமியின் விருதும் கிடைத்தது. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. அவரை விரும்புகிறவர்கள் இதை ஓர் அநீதியாகவே குறிப்பிடுகிறார்கள்.

இதில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். ராமநாதன் இறக்கும்போது வயது 60. அவர் பிறந்த அதே 1923-ல் அதே பாலக்காட்டில் பிறந்தவர் கே.வி. நாராயணசுவாமி. அரியக்குடியின் முதன்மை மாணவர், கச்சேரி மரபின் நடுநாயகம், எந்தத் தரப்பாலும் குறை சொல்லப்படாதவர். அவருக்கே பட்டம் 1986-ல்தான் வந்தது. அந்த வகையில் ராமநாதனின் முறை வருவதற்குள் ஆயுள் முடிந்துவிட்டது என்பதும் ஒரு விளக்கம். மறுபுறம், 1930-ல் பிறந்த எம். பாலமுரளிகிருஷ்ணா 1978-லேயே கலாநிதி ஆகிவிட்டார். வயது ஒரு தடை அல்ல என்பதற்கு அது உதாரணம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், திட்டமிட்ட புறக்கணிப்பு என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை. அவசரப்பட்டுக் கொடுக்கும் அளவுக்கு அரங்கில் ஒருமித்த கருத்து இருந்ததில்லை என்பதே பொருத்தமாக இருக்கிறது.

பிற்கால வரவேற்பு

ராமநாதனின் புகழ் அவர் மறைவுக்குப் பின் வளர்ந்தது. கேரளத்தில் அது இசை வட்டத்தைத் தாண்டியது. மலையாளக் கவிஞர் கே. சச்சிதானந்தன் அவர் பாட்டைப் பற்றியே 'ராமநாதன் பாடும்போள்' என்ற கவிதையை எழுதினார். தமிழகத்தில் டி.எம். கிருஷ்ணா ராமநாதனின் இசையைத் தொடர்ந்து உயர்த்திப் பேசிவருபவர். சௌக்கத்தின் மீது இளைய பாடகர்களின் கவனம் திரும்பியதில் அவருக்குப் பங்குண்டு.

இந்த மாற்றத்தில் ஒலிநாடாவின் பங்கு பெரியது. வானொலிப் பதிவுகளும் சபாக்களில் ரசிகர்கள் எடுத்த பதிவுகளும் நாடாவாகக் கைமாறின, பின்னர் இணையத்துக்கு வந்தன. நாற்காலியும் கடைசிப் பேருந்தும் இல்லாத, இரவில் தனியாகக் கேட்கும் ஒருவருக்கு அந்தத் தாழ்ந்த குரல் காதருகே வந்துவிட்டது. பின்வரிசைப் பிரச்சினை அத்துடன் தீர்ந்தது. ஒரு முழுக் கச்சேரியையும் ஒரே சௌக்கத்தில் கேட்க வேண்டிய கட்டாயமும் நீங்கியது. இன்று பெரும்பாலோர் ராமநாதனைக் கேட்பது ஒரு ஸஹானாவாக, ஒரு ஸ்ரீராகமாக, ஒற்றை உருப்படியாகத்தான். ஆகவே அவரைச் சலிப்பு என்ற அன்றைய சபா ரசிகரும், ஆழம் என்னும் இன்றைய ரசிகரும் ஒரே பாடகரைக் கேட்டார்கள், ஆனால் ஒரே கச்சேரியைக் கேட்கவில்லை. சொல் உடைகிறது என்ற குறை மட்டும் பதிவுகளிலும் அப்படியே இருக்கிறது.