வறியோரும் வழக்கறிஞரும்

நீதிமன்றத்தின் வாயில் எல்லார்க்கும் திறந்தே இருக்கிறது. ஆயினும், வழக்கறிஞருக்கு ஊதியம் அளிக்க இயலாத ஒரு பெண் தன் கணவன்மீது வழக்குத் தொடுப்பது எங்ஙனம்?

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் வறியவர்க்கு நீதிமன்றக் கட்டணத்தை விலக்கியது, வழக்கறிஞரைத் தரவில்லை. 1955-இல் வந்த இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, போதிய வருவாயற்ற மனைவிக்கோ கணவனுக்கோ வழக்குச் செலவை மற்றவர் தருமாறு நீதிமன்றம் ஆணையிடலாம் என்றது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வறியவர்க்கு வழக்கறிஞரை நியமிக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்குக் கிட்டியது.

1987-இல் இயற்றப்பெற்று 1995-இல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமோ, முகாந்திரமுள்ள வழக்காயின், வருவாய் எத்துணையாயினும் பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் கட்டணமின்றி வழக்கறிஞரைப் பெறும் உரிமை நல்கிற்று. மாவட்டந்தோறும் இதற்கென ஆணைக்குழு உண்டு. இதனை அறியாதார்க்கு எடுத்துரைத்தல் கற்றோர் கடனாகும்.